படிக்கிறது யாரு?

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்வித் தொழில்நுட்ப மாநாட்டில் மூன்று நாட்கள் ஸ்டாலில் நின்றேன். நான் அப்போது வேலை பார்த்த கம்பெனி, பிள்ளைகள் கட்டுரை எழுதினால் உடனே திருத்தி மதிப்பெண் போடும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. டெமோ காட்ட மார்க்கெட்டிங் ஆள் போதவில்லை என்று எஞ்சினியர்களையும் கோட்டு மாட்டி நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் நாள் மதியம் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை வந்தார். பொறுமையாக முழு டெமோவையும் பார்த்தார். முடிந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்.

“எல்லாம் சரி தம்பி. புள்ளைங்க எழுதுறத யாரு படிப்பா?”

“சிஸ்டமே திருத்திடும் மேடம். உங்களுக்கு வேலை மிச்சம்.”

“திருத்துறது சரி. படிக்கிறது யாரு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் ஒரு துண்டறிக்கையை மரியாதைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தச் செயலி ஒன்றரை வருடத்தில் செத்துப்போனது, அது வேறு கதை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. ரொம்ப நாள் கழித்து, பள்ளிகளுக்குள் இயந்திரங்கள் நுழைந்த கதையைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது, இதே கேள்விக்குக் கிட்டத்தட்ட நூறு வருடம் முன்பே ஒருவர் பதில் கண்டுபிடித்திருந்தது தெரிந்தது. பிரான்சின் தெற்கு மலைப்பக்கத்து வாத்தியார். பெயர் செலெஸ்தாங் ஃப்ரெனே. அவர் கையில் இருந்த புதிய தொழில்நுட்பம், அப்போதே நானூற்றுச் சொச்சம் வயதான அச்சு இயந்திரம்.

ஃப்ரெனே 1896இல் கார்ஸ் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தவர். நீஸ் நகரில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது முதல் உலகப்போர் வந்து இழுத்துக்கொண்டு போனது. 1917இல் ஷெமாங் தே தாம் போர்முனையில் நுரையீரலில் காயம். பல வருட சிகிச்சைக்குப் பிறகும் மூச்சு முழுதாகத் திரும்பவில்லை. 1920இல் பார்-சூர்-லூ என்ற ஊரின் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்து வாத்தியாருக்கு முதல் மூலதனம் தொண்டை. மேடை மேல் நின்று நாள் முழுக்க உரக்கப் பேச வேண்டும். இவருக்குப் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். மாற்று வழி தேடவைத்தது அதுதான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நுரையீரல் நன்றாக இருந்திருந்தால் அவரும் எல்லாரையும் போல் இருந்திருப்பார் என்பதை நான் முழுதாக நம்பவில்லை. காயம்பட்டு வந்த வாத்தியார்கள் அன்றைய பிரான்சில் எத்தனையோ பேர். அவர்கள் எல்லாரும் அச்சு இயந்திரம் வாங்கவில்லையே.

அவர் வகுப்பில் ஜோசஃப் என்று ஒரு பையன் இருந்தான். பாக்கெட் நிறைய பூச்சிகளோடு திரிவான். பாடத்தில் மனம் நிற்காது. ஒரு நாள் பிள்ளைகள் நத்தைகளைப் பிடித்துவந்து பந்தயம் விட்டார்கள். வகுப்பே விழித்துக்கொண்டது. அந்தப் பந்தயத்தைப் பற்றிப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஃப்ரெனே கரும்பலகையில் எழுதினார். எல்லாரும் ஆசையாகப் படித்தார்கள், நோட்டில் எழுதிக்கொண்டார்கள். சாயங்காலம் பலகையைத் துடைத்தாக வேண்டும். மறுநாள் பாடப்புத்தகம், அதில் யாரோ பாரீஸில் எழுதிய வாக்கியங்கள். துடைத்த பிறகும் அந்த எழுத்து எப்படி மிஞ்சும் என்பதுதான் அவருடைய பிரச்சினை.

இடையில் 1923இல் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரில் நடந்த புதிய கல்வி மாநாட்டுக்குப் போனார். அடோல்ஃப் ஃபெரியேர் போன்ற அந்தக் காலத்துக் கல்விச் சிந்தனையின் பெரிய பெயர்கள் வந்திருந்த கூட்டம். ஃப்ரெனே அவர்களை மதித்தார், புத்தகங்களைப் படித்திருந்தார். ஆனால் திரும்பி வரும்போது மனம் கனத்துத்தான் வந்தார். அங்கே பேசப்பட்ட பள்ளிகளில் இருந்தது கொஞ்சம் பிள்ளைகள், நிறைய கருவிகள், சுற்றிலும் தோட்டம். இவர் பள்ளியில் இருந்தது தூசு படிந்த ஒரே அறை, ஏழை வீட்டுப் பிள்ளைகள். மாநாட்டில் கேட்டதில் திங்கட்கிழமை காலை வகுப்பில் செய்ய ஒன்றும் இல்லை. மாநாட்டுக்குப் போய் வந்த எந்த வாத்தியாரிடம் கேட்டாலும் இந்த ஏமாற்றத்தை அடையாளம் கண்டுகொள்வார்.

1924இல் ஃப்ரெனே ஒரு சிறிய கையச்சுப் பொறியை வாங்கினார். வேலை இப்படி நடக்கும். பிள்ளைகள் சொன்னதில் ஒன்றை எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள், சேர்ந்தே திருத்துவார்கள். பிறகு ஆளுக்கு ஒரு வரி. பெட்டியின் அறைகளிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்க்க வேண்டும். எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருக்கும். கோர்த்து இறுக்கி, உருளையால் மை தடவி, தாளை வைத்து அழுத்தி எடுத்தால் ஒரு பிரதி. எல்லாம் அடித்து முடித்ததும் எழுத்துகளைக் கழுவி அதது அறையில் பிரித்துப் போட வேண்டும். நம்மூர்ப் பழைய அச்சகங்களில் கம்போசிங் பார்த்தவர்களுக்கு இந்தச் சலிப்பு தெரியும். பத்து வரிக்கு ஒரு காலைப்பொழுது ஓடிவிடும். எங்கள் செயலி அதே பத்து வரியை ஒரு நொடிக்குள் திருத்திவிடும் என்று துண்டறிக்கையில் போட்டிருந்தோம்.

ஆனால் அந்த மெதுவில்தான் விஷயம் இருந்தது என்று நினைக்கிறேன். எழுத்தை விரலால் எடுத்து வைக்கும் பிள்ளைக்கு எழுத்துப்பிழை என்பது வாத்தியாரின் சிவப்பு மை இல்லை. மொத்தப் பிரதியிலும் தெரியப்போகும், ஊரே பார்க்கப்போகும் தவறு. யாரும் மிரட்டாமலே சரிபார்த்தார்கள். நத்தைப் பந்தயமும் மழையில் நனைந்த கழுதையும் பாடப்புத்தகத்தின் வாக்கியங்களைப் போலவே கருப்பு மையில் நின்றன.

இதுவரை ஒரு வகுப்பறைக்குள் நடந்த கதை. அச்சடித்ததை அம்மா அப்பா படிப்பார்கள், ஊர்க்காரர்கள் படிப்பார்கள். அவர்களுக்குத்தான் எல்லாம் ஏற்கெனவே தெரியுமே. கழுதை யாருடையது என்று கூடத் தெரியும்.

ஃப்ரெனே இதைப் பற்றி ஆசிரியர் இதழ்களில் எழுதினார். 1926இல் நாட்டின் மறுகோடியிலிருந்து, பிரித்தனி கடற்கரையில் த்ரெகங் என்ற இடத்தில் வேலை பார்த்த ரெனே தானியேல் என்ற வாத்தியார் கூட்டுச் சேர்ந்தார். அவரும் அச்சுப்பொறி வாங்கினார். இரண்டு பள்ளிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். அடிக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் எதிர்ப்பள்ளியில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் சேர்த்து அடித்து, தபாலில் அனுப்புவது என்று ஏற்பாடு. சில நாட்களுக்கு ஒரு முறை கட்டு வரும். கடிதங்களும் ஊர்ப் பொருட்கள் வைத்த பொட்டலங்களும் கூட வரும்.

இது என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். பார்-சூர்-லூ பக்கத்தில் ஆரஞ்சுப் பூ பறித்து, கிராஸ் நகரத்து வாசனைத் திரவியத் தொழிலுக்கு அனுப்புவார்கள். உள்ளூர்ப் பிள்ளைக்கு அது எழுதத் தகுந்த விஷயமே இல்லை, தினம் பார்ப்பது. ஆனால் த்ரெகங் பிள்ளைக்கு ஆரஞ்சு மரமே தெரியாது. எந்த மாதம் பூக்கும், கூலி எப்படி, மரத்தடியில் துணி எதற்கு என்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லும்போதுதான் தனக்கே சரியாகத் தெரியாதது தெரியும். அப்பாவிடம் போய்க் கேட்க வேண்டும். அந்தப் பக்கம் மத்தி மீன் பிடிக்கும் படகுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் இதே கதை. இன்னொன்றும் உண்டு. தெற்கே பல வீடுகளில் ப்ரொவான்சால் பேசினார்கள், பிரித்தனியில் பிரெட்டன். பிரெஞ்சு இரண்டு பக்கமும் பள்ளிக்கூடத்து மொழி, அதிகாரத்தின் மொழி. வீட்டு மொழியைப் பள்ளியில் பேசினால் தண்டனை கொடுத்த காலம். அந்த மொழி முதல் முறையாக, எங்கோ இருக்கும் ஒரு சிநேகிதனோடு பேச உதவும் மொழியானது. இலக்கணம் படிக்கச் சொல்லி இதைச் செய்ய முடியாது.

ஸ்டாலுக்கு வந்த ஆசிரியை கேட்டதற்குப் பதில் இதுதான். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, உன் ஊரைப் பார்த்தே இராத, உன் வயசுப் பிள்ளை படிப்பான்.

அடுத்த வருடம், 1927 ஆகஸ்டில், தூர் நகரில் ஆசிரியர் சங்கக் கூட்டமைப்பின் மாநாடு நடந்தபோது, அதை ஒட்டியே இந்த அச்சு வாத்தியார்கள் முதல் முறையாகத் தனியே கூடினார்கள். பெரும்பாலும் கிராமத்துப் பள்ளிக்காரர்கள். மோந்த்ரோவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அங்கே நிபுணர்கள் சொன்னார்கள், ஆசிரியர்கள் கேட்டார்கள். இங்கே வந்த ஆட்கள் ஏற்கெனவே ஒருவர் வகுப்பின் எழுத்தை இன்னொருவர் படித்தவர்கள். முகம்தான் புதிது. பேச்சு முழுக்க வேலைப் பேச்சு. எந்த அளவு எழுத்து சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது, மை எங்கே வாங்குவது, யாரை யாரோடு ஜோடி சேர்ப்பது, இத்தியாதி. நான் போயிருக்கும் கூட்டங்களில் இதற்கு மிக அருகில் வருவது ஓப்பன் சோர்ஸ்காரர்களின் சந்திப்புகள். மாதக்கணக்கில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் திருத்தியிருப்பார், டீக்கடையில்தான் முதலில் கை கொடுப்பார்கள்.

அந்த வருடமே ‘லா ஷெர்ப்’ என்ற கூட்டு இதழ் தொடங்கியது. கதிர்க்கட்டு என்று பொருள். பல பள்ளிப் பிள்ளைகளின் எழுத்தை ஒன்றாகக் கட்டியது. பாத்தே-பேபி என்று வீட்டில் படம் காட்டுவதற்காக வந்திருந்த 9.5 மில்லிமீட்டர் சினிமாக் கருவியை வகுப்புக்குக் கொண்டுவந்து, படச்சுருள்களைப் பகிர்ந்துகொள்ள ஆசிரியர்கள் ஒரு கூட்டுறவு வைத்தார்கள். அச்சுக்காரர்களும் சினிமாக்காரர்களும் சீக்கிரமே ஒரே கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். பள்ளிக்கென்றே மலிவான அச்சுப்பொறியை அந்தக் கூட்டுறவே செய்து விற்றது. கருவியைப் பயன்படுத்துகிறவர்களே அதன் சொந்தக்காரர்கள். ஸ்டால் போட வெளி ஆள் தேவைப்படவில்லை.

இதே பிரான்சில் 1985இல் பிரதமர் லொராங் ஃபாபியுஸ் ‘எல்லாருக்கும் கணினி’ என்று ஒரு திட்டம் அறிவித்தார். 1,20,000 கணினிகளைப் பள்ளிகளுக்கு வாரி வழங்குவது, ஆசிரியர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுப்பது. இயந்திரங்கள் வந்தன, பல பள்ளிகளில் சீக்கிரமே மூலைக்குப் போயின. அதே பத்தாண்டில் ஃப்ரெனேவின் வழியில் வந்த ஆசிரியர்கள், டெலிபோன் டைரக்டரி பார்க்கவென்று தபால்துறை வீடுவீடாகக் கொடுத்த மினிடெல் பெட்டியைப் பிடித்து, வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே செய்தி அனுப்ப வைத்துக்கொண்டிருந்தார்கள். கடிதம் இருந்தது, பெறுபவர் இருந்தார். பெட்டி மட்டும்தான் மாறியது. தொலைத்தகவல் என்று அரசு வியந்துகொண்டிருந்த விஷயத்துக்கு அவர்களிடம் அறுபது வருடப் பழக்கம் இருந்தது.

படிப்பவர்கள் இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. நீங்கள் நினைக்காதவரும் படிப்பார். 1928இல் ஃப்ரெனே மாற்றலாகி சென்-போல் என்ற ஊருக்கு வந்தார். பள்ளிக் கட்டடத்தின் சுகாதாரக் கேட்டைப் பற்றி மேலே புகார் எழுதியதில் ஊர் நிர்வாகத்துக்கு அவர் மேல் கோபம். ஒரு பையன் தான் கண்ட கனவை எழுதியிருந்தான். கனவில் பிள்ளைகள் மேயரோடு சண்டைக்குப் போகிறார்கள், கடைசியில் மேயரைக் குத்திவிடுகிறான். வகுப்பு அதை அச்சடித்திருந்தது. 1932 டிசம்பரில் அந்தக் கனவு சுவரொட்டியாக ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. பாரீஸின் வலதுசாரிப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. 1933இல் பள்ளியின் முன் கூட்டம் கூடி ரகளை செய்தது. ஃப்ரெனே அரசுப் பள்ளியை விட்டு வெளியேறும்படி ஆனது. 1935இல் வான்ஸ் ஊரில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார்.

அந்தக் கனவை அச்சடித்திருக்க வேண்டுமா? எனக்கு இதில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பிள்ளையின் எழுத்து நிஜமான எழுத்து என்றால் தணிக்கை கூடாது. ஆனால் ஒரு பள்ளிப் பையனின் கனவை வைத்து நாடு முழுக்க வாதாடினார்கள், அவனை யாரும் கேட்கவில்லை. இன்று ஒரு குழந்தையின் வீடியோ பரவும்போதும் இதே சங்கடம்தான். ஃப்ரெனே தரப்பில் நிற்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது.

ஸ்பெயினுக்குப் போவோம். 1931இல் அங்கே குடியரசு வந்தபோது புதிய பள்ளிகள் வேண்டும் என்ற வேகம் இருந்தது. கத்தலோனியாவின் யேய்தா பகுதியில் பள்ளி ஆய்வாளராக இருந்தவர் ஹெர்மீனியோ அல்மேந்த்ரோஸ். (சினிமாக்காரர்களுக்கு இவர் மகனைத் தெரியும். ‘டேஸ் ஆஃப் ஹெவன்’ படத்துக்கு ஆஸ்கார் வாங்கிய ஒளிப்பதிவாளர் நெஸ்தோர் அல்மேந்த்ரோஸ்.) ஆய்வாளர் என்றால் குறை கண்டுபிடிக்க வருபவர் என்று நமக்கு ஒரு எண்ணம். இவர் அச்சுப்பொறி பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். ஹொசே தெ தாப்பியா, பத்ரீசியோ ரெதோந்தோ என்ற இரண்டு கிராமத்து வாத்தியார்கள் முதலில் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பகுதி ஆசிரியர்கள் விடுமுறை நாட்களில் ஊர் ஊராகக் கூடி, செய்ததைக் காட்டிப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு ‘பாதெக்’ என்று பெயர். கத்தலானில் இதயத்துடிப்பு. பிறகு கூட்டுறவு அமைந்தது, 1935இல் அதற்கென்று இதழ் வந்தது. இதழின் பெயர் ‘கொலபொராசியோன்’, ஒத்துழைப்பு. இன்று நாங்கள் ‘கொலாபரேஷன் டூல்’ என்று விற்கும் அதே சொல். அதே வருடம் வெஸ்கா நகரில் அச்சு ஆசிரியர்களின் மாநாடு. அடுத்தது 1936 ஜூலையில், மன்ரேசாவில் என்று முடிவானது.

இந்த வலையில் அந்தோனி பெனாய்ஜஸ் என்று ஒருவர் இருந்தார். கத்தலோனியாவின் தாராகோனா பக்கத்துக் கடலோரப் பகுதியிலிருந்து வந்தவர். ரெதோந்தோவிடம் அச்சு வேலை கற்றுக்கொண்டவர். 1934இல் வடக்கே புர்கோஸ் மாகாணத்தில் பன்யுவேலோஸ் தெ புரேபா என்ற சின்ன ஊரில் வேலை கிடைத்தது. வறண்ட கோதுமை நிலம். சொந்தக் காசில் அச்சுப்பொறி வாங்கினார், ஒரு கிராமஃபோனும் வாங்கினார். வகுப்பில் பாட்டு ஓடியது, பிள்ளைகள் ஆடினார்கள். ஊரில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகள் அச்சடித்த சிறு பிரசுரங்கள் மற்ற அச்சுப் பள்ளிகளுக்குத் தபாலில் போயின, அங்கிருந்து வந்தன. இப்படி வந்தவற்றில் கடலோரப் பள்ளிகளின் எழுத்தும் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். பன்யுவேலோஸ் பிள்ளைகள் யாரும் கடலைப் பார்த்ததில்லை. வரைபடத்தில் பார்த்தால் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான்.

1936 தொடக்கத்தில் அவர்கள் அச்சடித்த பிரசுரத்தின் பெயர் ‘கடல்: அதைப் பார்த்தே இராத சில பிள்ளைகளின் பார்வையில்’. ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தோன்றிய கடலை எழுதியிருந்தது. எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், போனால் மூழ்கிவிடுவோமோ என்ற பயம். ஒரு வாத்தியார் கட்டுரைத் தலைப்பு கொடுத்து வாங்கும் எழுத்து இல்லை அது. கடலைப் பார்த்தவர்கள் படிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தே, பார்க்காதவர்களாகத் தங்களை அறிவித்துக்கொண்டு எழுதியது. தலைப்பிலேயே அந்த நேர்மை இருக்கிறது. கோடை விடுமுறையில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பெனாய்ஜஸ் அவர்களுக்கு வாக்குக் கொடுத்தார்.

ஜூலையில் இராணுவக் கலகம். புர்கோஸ் முதல் நாளிலேயே கலகக்காரர்கள் கைக்குப் போன பகுதி. பக்கத்து ஊரான பிரிவியெஸ்காவில் பெனாய்ஜஸைப் பிடித்தார்கள். சித்திரவதைக்குப் பிறகு ஜூலை 25 அன்று சுட்டுக் கொன்றார்கள். வயது 33. வகுப்பின் பிரசுரங்களை வைத்திருப்பதே ஆபத்தானது. சில படிகள் எப்படியோ தப்பின. மன்ரேசாவில் அந்த மாதம் கூட வேண்டியவர்களுக்கு வேறு கவலைகள் வந்துவிட்டன. போர் முடிந்ததும் ஃபிராங்கோ அரசு நாடு முழுக்க ஆசிரியர்களைச் சலித்து எடுத்தது. யார் எந்தக் கூட்டுறவில் இருந்தார்கள், எந்த இதழுக்குச் சந்தா கட்டினார்கள் என்பதெல்லாம் இப்போது குற்றப்பட்டியல். வலை என்பது கண்காணிக்கிறவனுக்கு வசதியான முகவரிப் புத்தகமும்கூட. இதை எங்கள் துறையில் இருக்கிறவர்கள் அடிக்கடி மறந்துபோகிறோம்.

பெனாய்ஜஸ் புதைக்கப்பட்ட இடமாகக் கருதப்படும் லா பெத்ராஹா புதைகுழியை 2010இல் தோண்டினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. இவருடையது என்று எதையும் அடையாளம் காண முடியவில்லை. அந்தத் தோண்டலுக்குப் பிறகுதான் பிரசுரங்களைப் பற்றி வெளியே பேச்சு வந்தது, புத்தகம் வந்தது, 2023இல் ஸ்பானிஷ் படமும் வந்தது. படம் பார்க்காதவர்கள் பிரசுரத்தின் படத்தையாவது தேடிப் பாருங்கள். அட்டை எழுத்தைப் பிள்ளைகள் கோர்த்திருக்கிறார்கள் என்பதே நம்ப முடியாது.

ஃப்ரெனே 1940இல் கைதாகி முகாமில் அடைபட்டார், பிறகு வெளிவந்து 1966 வரை இருந்தார். போர்க்காலத்தில் அவருடைய வான்ஸ் பள்ளி ஸ்பானிய அகதிக் குழந்தைகளுக்கு இடம் கொடுத்தது. அல்மேந்த்ரோஸ் கியூபாவுக்குப் போனார். தாப்பியா பிரான்சில் பல வருடம் இருந்துவிட்டு மெக்சிகோ போய்ப் பள்ளி வைத்தார்.

பெனாய்ஜஸுக்கு அச்சு வேலை கற்றுக்கொடுத்த ரெதோந்தோவும் கப்பலேறி மெக்சிகோ சேர்ந்தார். வெராக்ரூஸ் மாநிலத்தில் சான் அந்த்ரேஸ் தூஸ்த்லா என்ற ஊரில் 1940இல் ஃப்ரெனே பெயரிலேயே ஒரு பள்ளி தொடங்கினார். மறுபடியும் ஈய எழுத்து, மை, உருளை. அங்கேயும் பிள்ளைகள் தாங்களே எழுதி, தாங்களே கோர்த்து அச்சடித்தார்கள். அந்த ஊரிலிருந்து கடல் பக்கம்தான்.